நல்ல காரியம் முடியட்டும்

"ரிப்போர்ட் பிரமாதமா இருக்கு" என்று டாக்டர் ராகவேந்திரன் சொன்னபோது, அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி அதன் விளிம்பால் முதுகைச் சொறிந்துகொள்ளலாமா என்றுதான் சூடாமணிக்குத் தோன்றியது.

தி.நகரில் ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் இருந்த அந்த நர்ஸிங் ஹோமின் மாடியில் வாரம் இரண்டு நாள் அவளுடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக இதே கதை. சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. வேறொன்றை வாங்கி வைக்கலாம் என்றால் இருதயம் தாங்காது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆக, இருக்கிற வரைக்கும் டயாலிஸிஸ்தான். சூடாமணிக்கு ஐம்பத்து நாலு வயது. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாமல் அதை ஏற்றுக்கொண்டாள். அவளால் ஏற்றுக்கொள்ள முடியாமல் போனது அரிப்பு.

அரிப்பு என்றால் கொசு கடித்த அரிப்பு இல்லை. தோலுக்கு உள்ளே, நகம் எட்டாத ஆழத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு பிறாண்டுகிற அரிப்பு. மரச்சீப்பால் சொறிந்து பார்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். வீட்டில் யாரும் இல்லாத சமயத்தில் கதவு நிலையில் முதுகை வைத்து மாடு மாதிரி உரசிக்கொண்டாள். போதாததற்குக் கால்கள். படுத்தால் போதும், எலும்புக்குள் குடைச்சல் எடுக்கும், இரண்டு காலும் தாமாகவே உதைத்துக்கொள்ளும். எழுந்து கூடத்தில் நடக்க வேண்டியதுதான். பொழுது விடியும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண் செருகும்.

"டாக்டர், அரிப்பு தாங்கலை. தூங்கி எத்தனையோ நாளாச்சு. காலெல்லாம் குடையறது."

"இந்த வியாதியில அது இருக்கிறதுதான் மாமி. யூரியா எவ்வளவு இறங்கியிருக்கு பாருங்க. பொட்டாசியம் அப்படியே கண்ட்ரோல்ல நிக்குது. நீங்கதான் என் யூனிட்ல நம்பர் ஒன் பேஷன்ட்."

"யூரியாவுக்கு அரிக்கலை டாக்டர். எனக்கு அரிக்கிறது."

ராகவேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். மாமிக்கு நல்ல ஹாஸ்ய உணர்ச்சி என்று பக்கத்தில் இருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கெட்டிக்காரர்தான், அதை யாரும் மறுக்கவில்லை. போகிற உயிரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர். அப்படி நிறுத்தி வைத்த உயிர் என்ன பாடு படுகிறது என்று கேட்கிற வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. பேசும்போதுகூட அவர் கண் இயந்திரத்தின் மேல்தான் இருக்கும்.

அடுத்த கட்டிலில் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயராம் அது. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை பார்த்த மனுஷன். நாற்பது வயதில் எமன் விலாசம் கண்டுபிடித்துவிட்டான். சொறிந்து சொறிந்து உடம்பெல்லாம் புண்ணாகிவிட்டதால் அவர் மனைவி தேவானை அவருடைய இரண்டு கைகளிலும் பழைய சாக்ஸை மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டிருந்தாள்.

"உனக்கும் இதே ரோதனைதானாம்மா?" என்றாள் தேவானை. "இவரு கண்ண மூடி எத்தினி நாளாச்சு தெரியுமா? முதுகு பூரா ரணமா கீது. இன்னா பண்றதுன்னு கேட்டா, அப்டித்தான் இருக்கும்னு சொல்லிக்கினு போய்க்கினே கீறாரு டாக்டரு."

அன்றைக்குத்தான் நர்ஸ், ஊசியைக் கழற்றும்போது, சூடாமணியின் ரவிக்கைத் தோளில் ரத்தக்கறையைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகில் குனிந்தாள். அடையாறில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், பெயர் ஸ்ரீலக்ஷ்மி, வலி, அரிப்பு, வாந்தி, தூக்கமின்மை இதற்கென்றே வைத்தியம் பார்க்கிறார், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருவார் என்றாள். "நான் சொன்னேன்னு பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் மாமி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

மயிலாப்பூர் வீட்டில் அப்போது வேறொரு அமர்க்களம் நடந்துகொண்டிருந்தது. சூடாமணியின் கணவர் பத்ரிநாராயணனுக்குத் தை மாதம் அறுபது பூர்த்தி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிடையர் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறுபதாம் கல்யாணத்தை மண்டபம் எடுத்து விமரிசையாகப் பண்ண வேண்டும் என்று அவருடைய அக்கா காமாக்ஷி மேற்கு மாம்பலத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாள். நியூஜெர்ஸியிலிருந்து பிள்ளை சாய்சரண் டிக்கெட் வாங்கிவிட்டான். சமையலுக்குச் சொல்லியாயிற்று, நாகஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று. மணையில் உட்கார வேண்டியவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சூடாமணி சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அடையாறுல ஸ்ரீலக்ஷ்மின்னு ஒரு டாக்டர் இருக்காளாம். அரிப்புக்கு, வலிக்குன்னே பாக்கறாளாம். ஆத்துக்கே வருவாளாம். வரச் சொல்லுங்கோ."

அக்காவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்த பத்ரிநாராயணனின் கை நின்றது. "யார் சொன்னா உனக்கு?"

"யார் சொன்னா என்ன? வரச் சொல்லுங்கோ."

அவர் பதில் சொல்வதற்குள் காமாக்ஷி முந்திக்கொண்டாள். "அந்த டாக்டரா? என் ஓர்ப்படியோட தம்பிக்குக் கேன்ஸர் வந்தப்போ கடைசியில வந்தாளே, அவதானே? அவ வந்துட்டுப் போன வாரமே அவன்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சிவ சிவா. நல்ல காரியம் நடக்கப்போற ஆத்துல அவ கால் வெக்கலாமோ? தையில அறுபது முடியட்டும். அப்புறம் யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக்கோ."

"அப்போ தை வரைக்கும் நான் சொறிஞ்சிண்டே இருக்கணுமாக்கா?"

"பல்லைக் கடிச்சிண்டு பொறுத்துக்கோடி. நாளைக்கே வந்துடும் தை."

சூடாமணி கணவரைப் பார்த்தாள். அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா சொல்றதும் சரிதான்" என்றார். "நல்ல காரியம் முடியட்டும்."

அந்த வாரம் முழுக்க அவளைப் பார்க்க உறவுக்காரப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பாட்டைப் பாடினார்கள். உனக்கென்னடி குறை, அகத்துக்காரருக்கு அறுபது ஆகப்போறது, பிள்ளை அமெரிக்காவில், பூவும் பொட்டுமாய் மணையில் உட்காரப்போறே. இந்த நிலைமையில் பூவும் பொட்டுமாய் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? பூவும் பொட்டுமாய்ப் போகப்போகிறாய், கொடுத்து வைத்தவள் என்று அர்த்தம். ஒரு மாமி அவள் கையாலேயே குங்குமம் இட்டுக்கொள்ள வேண்டும் என்று நெற்றியை நீட்டினாள். சுமங்கலியாய்ச் சாகப்போகிறவள் கையால் இட்டுக்கொண்டால் விசேஷமாம்.

சூடாமணிக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. "நான் போற விதத்தைப் பத்தி இவ்வளவு சந்தோஷப்படறேளே, இருக்கற விதம் எப்படி இருக்குன்னு ஒருத்தியாவது கேட்டேளா?" என்றாள். மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், வியாதி பேசுகிறது என்று சமையலறைப் பக்கம் போய்ச் சொல்லிக்கொண்டார்கள்.

வியாதி பேசவில்லை. சூடாமணிதான் பேசினாள். அதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் முகூர்த்த நேரம் குறிக்க வாத்தியார் வந்தார். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, எதிரில் காமாக்ஷி, பக்கத்தில் பத்ரிநாராயணன். சூடாமணி எழுந்து போய் நடுக்கூடத்தில் நின்றாள்.

"வாத்தியாரே, பொண்டாட்டி மணையில உட்காராம அறுபதாம் கல்யாணம் பண்ணலாமா?"

"அதெப்படி மாமி? பத்னி பக்கத்துல இல்லாம எதுவுமே நடக்காதே."

"அப்படின்னா எல்லாரும் கேட்டுக்கோங்கோ. அந்த அடையாறு டாக்டர் இந்த வாசல் வழியா உள்ளே வரணும். வந்து எனக்கு வைத்தியம் பண்ணணும். அப்பத்தான் நான் மணையில உட்காருவேன். இல்லேன்னா கலச ஜலத்தை நீங்களே ஆளுக்கு ஒரு சொம்பா தலையில கொட்டிண்டு குளிச்சுக்கோங்கோ."

வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். காமாக்ஷி அழுதாள். சாயங்காலம் நியூஜெர்ஸியிலிருந்து போன் வந்தது. "அம்மா, இந்தப் பெயின் டாக்டர் குடுக்கற மருந்தெல்லாம் பழக்கமாயிடும்மா. அடிமையாயிடுவே" என்றான் சாய்சரண்.

"ஆயிட்டுப் போறேன்டா. நாளைக்கு நான் கஞ்சா அடிச்சிண்டு தெப்பக்குளத்துக் கரையில உட்கார்ந்திருக்கேன்னு யாராவது சொன்னா அப்போ வந்து கேளு" என்று சொல்லிவிட்டு ரிஸீவரை வைத்தாள்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வேறு வழி இருக்கவில்லை. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள்.

ஒரு பிற்பகலில் கைனடிக் ஹோண்டாவை வாசலில் நிறுத்திவிட்டு, தோளில் ஒரு துணிப்பையோடு சாதாரணமாக உள்ளே நுழைந்தாள். காமாக்ஷி பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்ரிநாராயணன் பேங்க்கில் அவசர வேலை இருக்கிறது என்று முன்னாடியே கிளம்பிப் போய்விட்டிருந்தார். ஸ்ரீலக்ஷ்மி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. முதுகைக் காட்டச் சொன்னாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்போ ரொம்ப அதிகமா இருக்கு? டயாலிஸிஸ் அன்னிக்கா, மறுநாளா? கால் குடைச்சல் நடந்தா குறையறதா? இதனால எதைப் பண்ண முடியலைன்னு உங்களுக்கு ரொம்ப ஆத்திரமா இருக்கு?"

சண்டை போடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் சூடாமணிக்கு மறந்துபோயின. கேட்டுவிட்டாளே! ஒருத்தி கேட்டுவிட்டாளே! "ஒரு புஸ்தகம் படிக்க முடியலை" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஒரு பக்கம் முடியறதுக்குள்ள கை முதுகுக்குப் போயிடறது. யார் பேசினாலும் காதுல ஏறலை. எல்லார் மேலயும் கோபமா வரது டாக்டர். மனுஷியாவே இல்லை நான்."

ஸ்ரீலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மாத்திரைகளை எடுத்து வைத்தாள். தூங்கப் போகுமுன் ஒன்று, நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒன்று, குளித்த ஈரம் காயுமுன் தடவிக்கொள்ள ஒரு களிம்பு.

"டயாலிஸிஸை நிறுத்தணுமா?" என்றாள் சூடாமணி.

"எதுக்கு நிறுத்தணும்? அது பாட்டுக்கு அது நடக்கட்டும். அதோட சேர்ந்து இதுவும் நடக்கணும், அவ்வளவுதான். முதல் நாள்லேர்ந்தே நடந்திருக்கணும்." ஸ்ரீலக்ஷ்மியின் குரலிலும் ஒரு கடுப்பு எட்டிப் பார்த்தது. "நான் வந்தா கடைசின்னு ஊர்ல பேச்சு. கடைசியில மட்டும் கூப்பிட்டா நான் கடைசியிலதானே வர முடியும்?"

அந்த வீட்டுப் போனிலிருந்தே ராகவேந்திரனைக் கூப்பிட்டுப் பேசினாள். சூடாமணிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சுதான் கேட்டது. "இல்லை சார், மார்ஃபின் இல்லை. சிறுநீரகம் இப்படி இருக்கறப்போ அது உடம்புல தங்கி மயக்கிடும்னு எனக்கும் தெரியும். இது வேற மருந்து, ரொம்பச் சின்ன அளவு. பாஸ்பேட்டைக் கொஞ்சம் இறக்க முடியுமான்னு பாருங்க, அரிப்புக்கு அதுவும் காரணம். இன்னொண்ணு சார், உங்க யூனிட்டுக்கு வாரம் ஒருநாள் நான் வந்து எல்லாரையும்..." அந்த இடத்தில் பேச்சு அறுந்தது. ஸ்ரீலக்ஷ்மி ரிஸீவரை வைத்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் பார்த்துக்கலாமாம். யூனிட்டுக்குள்ள நான் வரக்கூடாதாம். பேஷன்டெல்லாம் பயந்துடுவாங்களாம்" என்றாள்.

மருந்து மந்திரம் போல ஒரே நாளில் வேலை செய்துவிடவில்லை. முதலில் கால்கள் அடங்கின. அப்புறம் அரிப்பு, பிடிவாதமான விருந்தாளி போல, ஒவ்வொரு பையாகத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஒருநாள் காலையில் பால் பாக்கெட் போடுகிறவன் மணி அடித்தபோதுதான் சூடாமணிக்கு விழிப்பு வந்தது. படுத்த இடத்திலேயே படுத்திருந்தாள். இடையில் எழுந்ததாக ஞாபகமே இல்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள். நகங்களில் ரத்தம் இல்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் படித்தாள், விளம்பரங்கள் உட்பட. படித்து முடித்து மடியில் வைத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இவ்வளவுதானா? ஒரு களிம்பும் இரண்டு மாத்திரையுமா? இதற்காகவா ஒன்றரை வருஷம் கதவு நிலையில் முதுகை உரசினேன்? சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. உடம்பு எரிந்துகொண்டிருந்தபோது இருந்த கோபம் அங்கேயும் இங்கேயும் சிதறி விழுகிற கோபம். இப்போது வந்தது தூங்கி எழுந்த கோபம். அது நிதானமாக இருந்தது.

ஸ்ரீலக்ஷ்மி இரண்டாவது தடவை வந்தபோது பத்ரிநாராயணன் வெளியே போகச் சாக்கு தேடுவதற்குள் காமாக்ஷி அவர் கையில் காபித் தட்டைக் கொடுத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டிக்கு மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்காரத் தெம்பு வந்துவிட்டது என்றதும் காமாக்ஷிக்கு டாக்டர் மேல் இருந்த பயம் போய்விட்டிருந்தது. அவர் தட்டோடு உள்ளே வந்தார். ஸ்ரீலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

"சாரை எனக்குத் தெரியுமே" என்றாள். "என் கிளினிக்குக்கு வந்திருக்கீங்க இல்லையா? போன வருஷம், தீபாவளிக்கு முன்னாடி. டயாலிஸிஸ் பண்ணிக்கறவங்களுக்கும் அரிப்புக்கு மருந்து உண்டான்னு கேட்டீங்க. உண்டுன்னேன். அழைச்சிண்டு வரேன்னுட்டுப் போனீங்க. அப்போ, மாமிக்காகத்தான் கேட்டீங்களா?"

தம்ளரில் இருந்த காபி தட்டில் சிந்தியது. பத்ரிநாராயணன் தட்டைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்து ஸ்ரீலக்ஷ்மிக்கும் புரிந்துவிட்டது. சூடாமணியின் முதுகைப் பார்த்து, மருந்து அளவைச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சூடாமணி அறைக் கதவைச் சாத்தினாள்.

"போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடியா?"

"சொல்றதைக் கேளு. பழைய ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான்னு போனேன்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கிளினிக்ல உட்கார்ந்திருந்தவாளைப் பார்த்தேன். எல்லாரும் எலும்பும் தோலுமா, போகப் போறவா மாதிரி. உன்னை அங்கே கொண்டு போய் உட்கார வெச்சா, நீயும் அந்த வரிசையில சேர்ந்துட்டேன்னு ஆயிடும்னு தோணித்து. என்னால முடியலை. பயந்துட்டேன்."

"நீங்க பயந்தேள். அதுக்கு நான் சொறிஞ்சிண்டேன்."

"உன் மேல இருக்கற பிரியத்துலதான்..."

"பிரியமா? நான் கூடத்துல நடந்துண்டே இருப்பேனே, அப்போ நீங்க தூங்கலை. உங்க மூச்சு எனக்குத் தெரியாதா? முழிச்சிண்டு, கண்ணை மூடிண்டு, கேட்டுண்டு படுத்திருந்தேள். மருந்து இருக்குன்னு தெரிஞ்சுண்டு படுத்திருந்தேள்!"

அவர் அழுதார். அழட்டும் என்று விட்டாள். கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாக வெறுத்திருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. டயாலிஸிஸுக்கு ஒருநாள் தவறாமல் கூட வந்தவர். அவள் அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் தானும் அவள் எதிரில் தண்ணீர் குடிக்காதவர். அப்படிப்பட்டவர்தான் இதைச் செய்தார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அந்நியன் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"என்னை மன்னிச்சுடு" என்றார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். நாளைக்கு என்னோட யூனிட்டுக்கு வரேள். எப்பவும் போலக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கக்கூடாது. மாடிக்கு வரணும். ஒவ்வொரு கட்டில்கிட்டயும் நின்னு சொல்லணும். இப்படி ஒரு டாக்டர் இருக்கா, இந்த இடத்துல இருக்கா, டயாலிஸிஸோட சேர்த்தே பார்ப்பான்னு சொல்லணும். நீங்க தெரிஞ்சுண்டே ஒரு வருஷம் மறைச்சதையும் சொல்லணும்."

"சூடாமணி, டாக்டரைப் பத்திச் சொல்றேன். சரி. மறைச்சதை எதுக்கு ஊருக்கெல்லாம்...?"

"ஏன்னா ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு பத்ரிநாராயணன் உட்கார்ந்திருப்பான். நல்லவனா, பாசமா, பயந்துண்டு. அவன் கேக்கணும்."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவுக்கு வெளியே காமாக்ஷி பெருமூச்சு விட்ட சத்தம் உள்ளே கேட்டது.

"அப்போ கல்யாணம்?" என்றார் அவர்.

"யோசிக்கணும். முதல் தடவை உங்களைத் தெரியாம கழுத்தை நீட்டினேன். இந்தத் தடவை தெரிஞ்சுண்டு நீட்ட வேண்டாமா?"

மறுநாள் காலையில் டாக்ஸியில் கிளம்பினார்கள். பாண்டி பஜாரில் வண்டி நகராமல் நின்றபோது அவர் ஒருதரம் தொண்டையைக் கனைத்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸிங் ஹோமில் அவர் அவளுக்குப் பின்னால் மாடிப்படி ஏறினார். நர்ஸ் ஊசி குத்தி, குழாயை மாட்டி, இயந்திரத்தை ஓட விட்டாள். சூடாமணி கண்ணாலேயே பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

மண்ணாங்கட்டி சாக்ஸ் மாட்டிய கையைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்பியில் தேய்ந்து தேய்ந்து சாக்ஸில் ஓட்டை விழுந்திருந்தது. பத்ரிநாராயணன் அவர் கால்மாட்டில் போய் நின்றார். ஏதோ முணுமுணுத்தார்.

"இன்னா சார் சொல்றே?" என்றாள் தேவானை. "காதுல வுழல."

"அடையாறுல ஒரு டாக்டர் இருக்காங்க. இந்த அரிப்புக்கு மருந்து குடுக்கறாங்க. டயாலிஸிஸ் பண்ணிக்கும்போதே குடுக்கலாம். என் சம்சாரத்துக்குக் குடுத்தாங்க. சரியாப் போச்சு."

தேவானை திரும்பிச் சூடாமணியைப் பார்த்தாள். சூடாமணியின் கைகள் சும்மா போர்வையின் மேல் கிடந்தன. தேவானை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்குப் போன வருஷமே தெரியும்" என்றார் பத்ரிநாராயணன். "நான் யார்கிட்டயும் சொல்லலை. இவகிட்டயும் சொல்லலை."



"போன வருசமா?" தேவானை எழுந்து நின்றுவிட்டாள். "போன வருசமா சார்? போன வருசத்துலேர்ந்து இவரு இங்கதானே சார் கீறாரு. வாராவாரம் நீ கீழ ஒக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருப்பியே சார். நான் உன் முன்னாடிதானே சார் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா சார்?"

அவர் கையைக் கூப்பினார். அவள் அதைப் பார்க்கவில்லை. கணவரின் மணிக்கட்டில் இருந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருசம், ஒரு வருசம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு ராகவேந்திரன் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்ன சார் நடக்குது இங்கே? பேஷன்ட்ஸை எதுக்குக் கலவரப்படுத்தறீங்க? இது என் யூனிட். நீங்க கீழே போங்க."

பத்ரிநாராயணன் டாக்டரைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். அவருக்கு எப்போதும் ஓடிப்போகத் தெரிந்த வழி அதுதான், திறந்தும் இருந்தது. கடைசியில் சூடாமணியைப் பார்த்தார். அவளால் எழுந்திருக்க முடியாது, ஒரு கை இயந்திரத்தோடு கட்டுப்பட்டிருந்தது. குரலுக்கு ஒன்றும் கட்டில்லை.

"இன்னும் நாலு கட்டில் பாக்கி இருக்கு" என்றாள். "டாக்டரும் இங்கேயே இருக்கட்டும், கேக்கட்டும். போங்கோ. கடைசிக் கட்டிலுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்கோ."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.